ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல் தடவை போகிறவருக்கு

குடியை ஏன் விட வேண்டும் என்று இதில் ஒரு வரிகூட இருக்காது. அதை உங்கள் வீட்டிலேயே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற ஏ.ஏ. கூட்டம் என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பீர்கள், அல்லது டாக்டர் யாராவது போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருப்பார். அது எங்கே நடக்கிறது, போனால் என்ன செய்வார்கள், தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே நாள் ஓடியிருக்கும். அந்தக் கேள்விகளுக்குத்தான் இது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், படபடப்பு என்று உயிருக்கே ஆபத்தான கட்டம் வரக்கூடும். சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே தடாலடியாக நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்த்து ‘சாமி குத்தம்’ என்பார்கள். சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடம்புதான் காரணம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை எதற்குப் போனாலும் மனநலப் பிரிவு இருக்கும். அங்கே போய் ‘தினமும் இவ்வளவு குடிக்கிறேன், நிறுத்த வேண்டும்’ என்று அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள். சில நாள் மருந்தில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். கை நடுக்கம் இல்லாதவரும் சந்தேகமிருந்தால் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில், குடியால் தொழிலைத் தொலைத்த ஒரு பங்குச்சந்தைக்காரரும், குடியை விட முடியாமல் தவித்த ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. அந்த டாக்டருக்குக் குடியைப் பற்றி மருத்துவ ரீதியாகத் தெரியாதது எதுவும் இல்லை, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இன்னொரு குடிகாரரோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிய பிறகுதான் நின்றது. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற கூட்டங்களின் அடிப்படை அவ்வளவுதான். இந்தியாவுக்கு 1950-களின் கடைசியில் வந்தது. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கட்டணம் கிடையாது, கையெழுத்து கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள், மதமும் கட்சியும் கிடையாது.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற ஒரு விஷயம்: ஏ.ஏ. வேறு, போதை மறுவாழ்வு மையம் வேறு. ஏ.ஏ.வில் யாரையும் சேர்த்துப் பூட்டி வைப்பதில்லை, படுக்கை இல்லை, மாதக் கட்டணம் இல்லை. ‘ஏ.ஏ. முறையில் சிகிச்சை, மாதம் இவ்வளவு’ என்று யாராவது சொன்னால் அது தனியார் மையம். நல்ல மையங்களும் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை அதற்கு உதாரணம். ஆனால் ஆளை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய் அடித்துத் திருத்துகிற இடங்களும் இருக்கின்றன. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்; கேள்வியைக் கேட்டதும் கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

கண்டுபிடிப்பது

ஏ.ஏ. தன்னைப் பெரிதாக விளம்பரம் செய்துகொள்வதில்லை. அதனால் பக்கத்துத் தெருவில் நடந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏ.ஏ. இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடிப் பார்க்கலாம். அதைவிட லேசான வழி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கிற ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ கேட்பது. எந்தக் கூட்டம் நடக்கிறது, எது நின்றுபோனது என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பு அதிகம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. மூன்றும் கட்டணமில்லாதவை. இந்த மூன்றும் ஏ.ஏ.வின் எண்கள் அல்ல, ஆனால் பக்கத்தில் என்ன உதவி இருக்கிறது என்று கேட்கலாம்.

பல கூட்டங்கள் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும். வாடகை குறைவு, மாலையில் காலியாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். சர்ச்சில் நடப்பதால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று பயந்து வராமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்: உள்ளே பைபிள் வாசிக்க மாட்டார்கள்.

ஏ.ஏ. கூட்டத்தின் எண் ஒன்று கிடைத்ததும் போன் செய்யுங்கள். எடுப்பவர் அலுவலக ஊழியர் அல்ல, அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான், ஆகவே ஜாடையாகப் பேச வேண்டியதில்லை. ‘குடிப் பிரச்சினை இருக்கிறது, கூட்டத்துக்கு வரலாமா’ என்று நேரடியாகக் கேட்கலாம். கூடவே நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரம் நிச்சயம் நடக்கிறதா? தமிழா ஆங்கிலமா? வளாகத்துக்குள் சரியாக எந்த அறை? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டம் என்றால் மனைவியோ அண்ணனோ நண்பனோ கூட வரலாம். மூடியது குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ‘வாசலில் யாராவது நிற்பார்களா’ என்று கேட்டால் பெரும்பாலும் யாராவது வந்து நிற்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், முதல் நாள் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

நான்கைந்து கூட்டங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? பலர் வீட்டிலிருந்து தூரத்தைப் பார்ப்பார்கள். நான் நேரத்தைப் பார்க்கச் சொல்வேன். உங்களுக்குத் தொண்டை வறளுகிற நேரம் எது? டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வண்டி தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறவருக்கு ஏழு மணிக் கூட்டம்தான் சரி, அது ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு காலை கூட்டம் வசதிதான், ஆனால் சனி ராத்திரி குடித்துவிட்டு ஞாயிறு காலை வருந்துவதற்கு ஒரு இடமாக அது ஆகிவிடும்.

அன்றைக்கு என்ன நடக்கும்

பத்து நிமிடம் முன்னால் போங்கள். ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் படிகளும் (குடியை விட ஏ.ஏ. காட்டுகிற வழி) மரபுகளும் (குழுக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை) எழுதிய இரண்டு பேனர், மேஜையில் சில புத்தகங்கள், பல இடங்களில் ஒரு பிளாஸ்க் டீ. பத்துப் பேரும் இருக்கலாம், நாற்பது பேரும் இருக்கலாம், சின்ன ஊரில் நான்கே பேர்கூட. ஆட்டோ ஓட்டுகிறவர், வங்கியில் மேலாளர், கொத்தனார், ஓய்வு பெற்ற போலீஸ்காரர் என்று கலந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரே டம்ளர் வரிசையில் இவர்கள் உட்கார்ந்து பார்த்த ஒரே இடம் இதற்கு முன்னால் பார்தான்.

கூட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. அன்றைக்கு நடத்துகிறவர் தொடங்கி வைப்பார், சிறிது மௌனம், ஒரு பிரார்த்தனை, ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு அறிமுக வாசிப்பு, பன்னிரண்டு படிகளின் வாசிப்பு. பிறகு ஷேரிங். ஒருவர் எழுந்து ‘என் பெயர் இது, நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கி, குடித்த காலத்தில் எப்படி இருந்தேன், எப்படி நின்றது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று பேசுவார். அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், முடித்ததும் யாரும் அறிவுரை சொல்ல மாட்டார்கள். அட்வைஸ் இல்லாமல் நம் ஊரில் ஒரு மணி நேரம் ஓடுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சிரிப்பும் நிறைய இருக்கும். வண்டியை எங்கே விட்டோம் என்று தெரியாமல் இரண்டு நாள் தேடிய கதையை ஒருவர் சொல்ல, அறையே குலுங்கும். முதல் தடவை வருகிறவருக்கு அது அதிர்ச்சியாக இருக்கும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

உங்கள் முறை வந்தால் பேசியாக வேண்டும் என்றில்லை. ‘இன்று கேட்க மட்டும் வந்தேன்’ என்றால் போதும். பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றாலும் சரி, பாதிப் பெயரைச் சொன்னாலும் சரி. ‘குடிநோயாளி’ என்று சொல்ல நாக்கு எழவில்லை என்றால் சொல்லாதீர்கள், யாரும் சொல்ல வைக்க மாட்டார்கள். முதல் மாதம் முழுவதும் வாயைத் திறக்காமல் கேட்டாலே போதும் என்பது என் அபிப்பிராயம். பேச ஆரம்பித்தால் நாம் கோர்ட்டில் நிற்பதுபோல நம் கேஸை வாதாட ஆரம்பித்துவிடுகிறோம். நான் அந்த அளவுக்குக் குடிக்கவில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போனேன், பெண்டாட்டியை அடித்ததில்லை என்று. கேட்டுக்கொண்டிருந்தால்தான், நாம் யாரிடமும் சொல்லாத ஒன்றை, பாட்டிலை எங்கே ஒளித்து வைத்தோம் என்பதைக்கூட, முன்பின் தெரியாத ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்காருவது காதில் விழும்.

நடுவிலோ முடிவிலோ ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் ஏழாவது மரபு, அதனால் உள்ளே இருப்பவர்களே போட்டுக்கொள்கிறார்கள். பத்து ரூபாய் போடலாம், ஒன்றும் போடாமலும் அடுத்தவரிடம் நகர்த்தலாம். முதல் தடவை வந்தவரிடம் எதிர்பார்ப்பதே இல்லை.

இன்று குடித்துவிட்டேன், போகலாமா? போகலாம். வண்டியை ஓட்டாதீர்கள், உள்ளே சத்தம் போடாமல் உட்காருங்கள், பேச வேண்டாம். அவ்வளவுதான் கேட்பார்கள்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? அவரும் அங்கே அதற்காகத்தான் வந்திருக்கிறார். இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதைக் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மனிதர்கள் இருக்கிற இடம், நூறு சதவீத உத்தரவாதம் யாராலும் தர முடியாதுதான். அந்தப் பயம் அதிகமாக இருந்தால் முதலில் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள், பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். அதுவுமில்லாமல், நீங்கள் குடிப்பது தெருவுக்கே தெரியும், நிறுத்தப் போவது மட்டும்தான் இன்னும் தெரியாது.

கடவுள் விஷயம். படிகளில் கடவுள் வருகிறார், ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்ற அடைமொழியோடு. பெரியார் ஊரில் வளர்ந்தவருக்கு இது நெருடும். கடவுள் நம்பிக்கை இல்லாமலே பல வருடம் குடிக்காமல் இருக்கிறவர்கள் கூட்டங்களில் இருக்கிறார்கள், அந்த அறையில் இருக்கிற மனிதர்களையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். பிரார்த்தனை நேரத்தில் சும்மா நின்றால் போதும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் கடவுளைத் தொடாத ஸ்மார்ட் ரிகவரி போன்ற குழுக்கள் இணையத்தில் கூடுகின்றன, ஆங்கிலம் பழக்கமிருந்தால் அதைப் பாருங்கள்.

பேசிக் கேட்டால் குடி நிற்குமா என்று சந்தேகப்படுகிறவருக்கு: 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, அதாவது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை அலசியது. முழுதாகக் குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வுக்கு முறையாக வழிநடத்துகிற சிகிச்சைகள் மற்ற பேச்சுச் சிகிச்சைகளைவிடக் குறைவில்லை, பல இடங்களில் மேல் என்றது. எல்லோருக்கும் நிற்கும் என்று சொல்லவில்லை.

கூட்டம் முடிந்த பிறகு

உடனே செருப்பைத் தேடாதீர்கள். உண்மையில் பாதி வேலை வாசலில் டீ குடிக்கும்போதுதான் நடக்கிறது. இரண்டு மூன்று பேருடைய போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் உங்களைப் போன்ற வேலை, உங்களைப் போன்ற குடும்பச் சூழல் உள்ளவரிடம். அந்த எண்ணைக் குடித்த பிறகு அல்ல, குடிப்பதற்கு முன்னால் பயன்படுத்த வேண்டும், இது கேட்கச் சுலபமாக இருக்கும், கடை வாசலில் நிற்கும்போது விரல் நகராது. ஆகவே சும்மா இருக்கும்போதே தினமும் ஒரு தடவை கூப்பிட்டு ‘சாப்பிட்டீங்களா’ என்று பேசிப் பழகிக்கொள்ளுங்கள். கல்யாண வீடு, குலதெய்வம் கோயில் கிடாவெட்டு, பங்காளி வீட்டுச் சாவு, இந்த மூன்றுக்கும் போவதற்கு முன்பு ஒரு போன், திரும்பி வந்ததும் ஒரு போன். சாவு வீட்டில் குடிக்காமல் இருப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் அந்த எண்களின் மறுமுனையில் இருக்கிறார்கள்.

கொஞ்ச நாள் போனதும் ஸ்பான்சர் என்று ஒருவரைப் பிடிக்கச் சொல்வார்கள். படிகளை உங்களோடு உட்கார்ந்து செய்கிறவர், முன்னால் போனவர். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பது வழக்கம். நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக யாரையும் பிடிக்க வேண்டாம். அவர் வீட்டில் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள், போன் எடுக்கிறாரா, இதைப் பாருங்கள்.

எவ்வளவு தடவை போக வேண்டும்? தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பது ஏ.ஏ.வில் பழைய பேச்சு. சென்னையில் அது முடியும், சிறிய ஊரில் முடியாது. கிடைக்கிற எல்லாக் கூட்டத்துக்கும் முதல் மூன்று மாதம் போங்கள், நடுவில் இருக்கிற நாட்களை இணையவழிக் கூட்டத்தால் நிரப்புங்கள். கொரோனாவுக்குப் பிறகு ஜூமில் நடக்கிற கூட்டங்கள் நிலைத்துவிட்டன, வளைகுடாவில் லேபர் கேம்ப்பில் இருந்துகொண்டு கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கிறவருக்கு இது பெரிய உதவி. பெண்களுக்கும். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கிற அறைக்குள் தனியாக நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று விளக்க வேண்டியதில்லை. முதலில் இணையத்தில் பெண்கள் கூட்டம் ஒன்றில் கேட்டுவிட்டு, அங்கே அறிமுகமானவரோடு நேரில் போகலாம்.

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏ.ஏ.வே பிடிக்கவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் ஒரே ஆள் அரை மணி நேரம் பேசுவார், இன்னொன்றில் பிரார்த்தனை வாடை தூக்கலாக இருக்கும், மூன்றாவது உங்களுக்குச் சரியாக இருக்கும். ஆனால் சில விஷயங்களில் மட்டும் சகித்துக்கொள்ளத் தேவையில்லை: கடன் கேட்கிறவர், சீட்டுக்கோ வியாபாரத்துக்கோ ஆள் பிடிக்கிறவர், புதிதாக வந்த பெண்ணுக்கு ராத்திரி மெசேஜ் அனுப்புகிறவர், டாக்டர் தந்த மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர். கடைசி ஆள் ரொம்ப ஆபத்து. மருந்து விஷயத்தில் ஏ.ஏ.வுக்கு எந்தக் கருத்தும் கிடையாது, அது உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

‘தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்கிற டைசல்பிராம் என்கிற மருந்து டாக்டர் கண்காணிப்பில், சாப்பிடுகிறவர் சம்மதத்தோடு மட்டும் தரப்படுவது. அது உள்ளே இருக்கும்போது விஷயம் தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். எந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

‘கல்யாணத்துக்குப் போகலாம்’ என்று பொய் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டி வருவதும் வேண்டாம். காலையில் தெளிவாக இருக்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், முகவரியை மேஜையில் வையுங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, 1951-லிருந்து நடக்கிறது, ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி தொடங்கியது. குடித்தவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை, அவரைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ உங்களால் முடியாது என்பதிலிருந்துதான் பேச்சே தொடங்கும். குடிக்கிற புருஷனை வைத்துக்கொண்டு நடுராத்திரி வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு, அவர் வருகிறாரோ இல்லையோ நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம் என்று தெரிவதே பெரிய விஷயம்.

நடுவில் குடித்துவிட்டால்

ஸ்லிப் என்பார்கள். மாலை கழற்றிய அன்றே, காப்புக் கயிற்றை அவிழ்த்த அன்றே ஊற்றிக்கொள்வது நமக்குப் பழகிய விஷயம். ஒரு தேதி வரைதான் விரதம் என்று மனது முதல் நாளிலேயே குறித்து வைத்திருக்கும். ஏ.ஏ.வில் இன்று ஒரு நாள் மட்டும் என்று சொல்வதால் கழற்றுவதற்கான தேதி என்று ஒன்று இல்லை. அப்படியும் குடித்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கே போங்கள், இரண்டு வாரம் வெட்கப்பட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்த இரண்டு வாரமும் குடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். மறுபடி தினமும் குடித்துக் கை நடுங்க ஆரம்பித்திருந்தால் முன்னால் சொன்னபடி டாக்டரைப் பார்த்துவிட்டு.

உங்கள் ஊரில் கூட்டமே இல்லையா? குடியை நிறுத்த விரும்புகிற இரண்டு மூன்று பேர் அதற்காகக் கூடினால் அதுவே ஒரு ஏ.ஏ. குழு என்பது அவர்கள் மரபிலேயே இருக்கிறது. பக்கத்து நகரத்துக் குழுவில் சொன்னால் முதல் சில வாரம் யாராவது பஸ் ஏறி வந்து நடத்திக் கொடுப்பார்கள், வாசிப்புத் தாள்களும் அவர்களிடமே கிடைக்கும். பள்ளிக்கூட அறையோ சமுதாயக் கூடமோ எதுவாக இருந்தாலும் கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், ஆள் வராத வாரமும் அறையைத் திறந்து வையுங்கள். விவரத்தை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும், ஊர் மருந்துக்கடைக்காரரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், காலையில் கை நடுக்கத்தோடு மாத்திரை கேட்டு முதலில் வந்து நிற்பது அவர் கடையில்தான்.